வெறுந்தண்ணீர் டம்ளர்

மலைச்சாமி பிணம் தூக்கியவன், நல்லபாம்பு அடித்தவன். அப்படிப்பட்டவன் ஒரு வெங்காய வேரைப் பார்த்து வெலவெலத்துப் போனான் என்றால் அவன் ஊரான திருவாதவூரில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புரட்டாசி மாதத்தில் ஒரு காலை, வைகைக்கு வடகரையில் இருந்த ஒரு கல்லூரியின் தாவரவியல் கூடத்தில், மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர்ந்தபோது அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற ஞானமுத்து சாரோ சந்தோஷம் தாங்காமல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மலைச்சாமி அந்தக் கூடத்தில் அட்டெண்டர். பண்ணையில் கூலிக்கு மாரடித்த குடும்பத்தில் பிறந்து, பாதிரியார் ஒருவர் தயவில் நாலெழுத்து படித்து, பாட்டில் கழுவ வந்தவன். பன்னிரண்டு வருஷத்தில் அவனுடைய வலது கட்டைவிரல் அந்தக் கூடத்துக்கே பெரிய சொத்தாகிவிட்டது. சின்ன வெங்காயத்தை டம்ளர் தண்ணீரில் அடி படும்படி உட்கார வைப்பான். மூன்றாம் நாள் வெள்ளை வேர் இறங்கும். அதன் நுனியைக் கடுகளவு நறுக்கி, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, விளக்கில் லேசாகச் சூடு காட்டி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவான். நசுங்கவும் கூடாது, குவியலாக நிற்கவும் கூடாது. வேரின் கண்ணறைகள், அதாவது செல்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே விரிப்பாக விரிய வேண்டும். ஞானமுத்து சார் அழுத்தினால் கண்ணாடிதான் உடையும். மெட்ராஸில் பெரிய படிப்புப் படித்து வந்தவர், மலைச்சாமியை விட எட்டு வயது இளையவர், ஆனால் கைராசி இல்லாதவர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அழுத்தி முடித்ததும் மலைச்சாமியும் ஒரு கண் வைத்துப் பார்ப்பான். முதலில் வெறும் சிவப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. போகப் போகப் பழகிவிட்டது. ஒரு கண்ணறை இரண்டாகப் போகிற சமயத்தில் அதன் வயிற்றுக்குள் பதினாறு துண்டு சிவப்பு நூல் தென்படும். குரோமோசோம் என்று சார் பேர் சொன்னார். ஒவ்வொன்றும் ஒட்டிப் பிறந்த இரட்டை. இரட்டையில் ஒன்றை இந்தக் கோடியிலிருந்து ஓர் இழை பிடிக்க வேண்டும், மற்றதை அந்தக் கோடியிலிருந்து ஓர் இழை பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடி விழுந்தால்தான் அது நடுவில் வந்து வரிசையில் நிற்கும். பதினாறும் நின்ற பிறகு இரட்டைகள் பிரிந்து ஆளுக்கொரு கோடிக்குப் போகும். ஒன்றாக இருந்தது இரண்டாகும். உலகத்தில் வளருகிற எதுவும் இப்படித்தான் வளருகிறது என்றார் சார்.

ஒரு நாள் மலைச்சாமி சும்மா இருக்காமல் வாயைத் திறந்தான்.

"அய்யா, பதினஞ்சு வந்து வரிசையில நிக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓரத்துல ஒதுங்கிக் கெடக்குது. அப்படிக் கெடக்குறப்ப ஒரு கண்ணறை கூடப் பிரிஞ்சு நான் பாத்ததில்ல. அந்த ஒண்ணுக்காக அம்புட்டும் காத்துக் கெடக்குதுக."

சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை பாத்திருப்ப?"

"எண்ணலய்யா. ஆயிரத்துக்குக் குறையாது."

"ரெண்டு பக்கமும் பிடி விழாம அது பிரியறதில்லைங்கிற. விழுந்திடுச்சுன்னு அதுக்கு யார் சொல்றா மலைச்சாமி?" என்று சார் தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார். "அந்த இழையே நெஜமா இல்லை, ஸ்பிரிட்டுல போட்டதால வந்த சுருக்கம்னு சீமையில பெரிய பெரிய ஆளுங்க அடிச்சுக்கிறாங்க."

அதிலிருந்துதான் வினை ஆரம்பித்தது. சீமையில் ஏதோ ஒரு கிழங்கிலிருந்து மருந்து எடுக்கிறார்களாம், அதில் வேரை நனைத்தால் அந்த இழைகள் மட்டும் காணாமல் போகிறதாம். கப்பல் வராத காலத்தில் அந்த மருந்துக்கு எங்கே போவது? நம் ஊர்க் கலப்பைக்கிழங்கிலும் அதே சத்து இருக்கிறது என்று சார் ஒரு பழைய புஸ்தகத்தில் படித்திருந்தார். "உங்க பக்கம் வேலியில கெடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்குமாவது! கார்த்திகையில் வேலியெல்லாம் நெருப்பு வைத்தது போலப் பூக்கிற செங்காந்தள் கொடி அது. மலைச்சாமி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கலப்பை மாதிரியே கவைத்துக் கிடந்த ஒரு கிழங்கைத் தோண்டினான். ஒரு கிளையைச் சாருக்கு எடுத்துக்கொண்டான். மறு கிளையை அத்தை ஒச்சாயி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒச்சாயி அவனுக்கு அப்பாவின் அக்கா, அதோடு மாமியார். அவள் மகள் தங்கப்பொண்ணுதான் அவன் மனைவி. ஒச்சாயி அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே மருத்துவச்சி. பிரசவம் தடங்கினால் கலப்பைக்கிழங்கை அரைத்து, தாயின் உள்ளங்காலிலும் தொப்புளுக்குக் கீழும் பூசுவாள். தலை வெளியே தெரிந்ததும் சுடுதண்ணீரில் துடைத்து எடுத்துவிடுவாள். அவர்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. கிழங்கை அரைக்க வேண்டியது கட்டின புருஷன். வேறு கை அரைத்தால் பிள்ளை இறங்காது என்பார்கள். தங்கப்பொண்ணுக்கு இப்போது நிறைமாதம். அதற்காகத்தான் ஒச்சாயி அந்தக் கிளையைக் கேட்டாள்.

கூடத்தில் சார் இரண்டு டம்ளர் வைக்கச் சொன்னார். ஒன்றில் கிழங்குச் சாறு கலந்த தண்ணீர். இன்னொன்றில் வெறுந்தண்ணீர்.

"வெறுந்தண்ணி எதுக்குய்யா? அதத்தான் தெனம் பாக்குறோமே."

"அது இல்லாட்டி நீ பாக்கிறது கிழங்கோட வேலையா, வெங்காயத்தோட கொணமா, நேத்து அடிச்ச வெயிலான்னு எப்படிச் சொல்லுவ? மத்தது எல்லாம் ஒண்ணா இருக்கணும். கிழங்கு மட்டும் இருக்கக் கூடாது. அப்பதான் கிழங்கு மேல பழி போடலாம்."

மறுநாள் காலை அவன் பார்த்தது இதுதான். வெறுந்தண்ணீர் வேரில் எல்லாம் வழக்கம் போல நடந்துகொண்டிருந்தது. கிழங்குச் சாற்று வேரில் பார்த்த இடமெல்லாம் நின்று போயிருந்தது. வரிசை இல்லை, நடு இல்லை, கோடி இல்லை. பதினாறு இரட்டைகளும் பிடிக்க ஆளில்லாமல் சிதறிக் கிடந்தன. ஒன்றும் சாகவில்லை. எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரே சிலைடில் நூற்றுக்கணக்கான கண்ணறைகள் காத்துக்கொண்டிருந்தன.

"இழை இருக்கு மலைச்சாமி! இல்லாத ஒண்ணை இந்தச் சாறு எப்படி அழிக்கும்?" என்று சார் குதித்தார்.

"இதுக எம்புட்டு நேரம் காத்திருக்கும்யா?"

"சாறைக் கழுவிட்டா இழை திரும்ப வரலாம். ரொம்ப நேரம் போயிட்டா சிலது பிரியாமலே மூடிக்குமாம். சிலது செத்துப் போகும்."

"மனுச ஒடம்புலயும் இப்படித்தானா அய்யா?"

"கண்ணறைன்னா எல்லாம் ஒண்ணுதான். வெங்காயம் என்ன, மனுஷன் என்ன?"

"வயித்துல இருக்குற புள்ளைக்கு?"

"அதுக்குத்தான் ரொம்ப. நாள் பூரா பிரிஞ்சுக்கிட்டே இருக்கிற உடம்பாச்சே" என்று சொன்ன பிறகுதான் சார் அவன் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்கிற?"

மலைச்சாமி சாயப் பாட்டிலை மூடி வைக்கப் போனான். அவனுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் போய்விட்டன. முதலாவது ஆண். அரைநாள் இருந்தது. அப்போது கிழங்கு பூசியது கொஞ்ச நேரம்தான். இரண்டாவது பெண். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வலி. அத்தனை நேரமும் காயக் காயப் புதிதாகப் பூசினார்கள். அது அழவே இல்லை. இரண்டு தடவையும் அம்மிக்கு முன்னால் குந்தி அந்தக் கிழங்கை மை போல அரைத்தது அவன்தான். பொண்டாட்டி கத்துகிற சத்தம் கேட்கக் கேட்க இன்னும் வேகமாக அரைத்தான். பிள்ளைக்கு அவன் செய்ததெல்லாம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் சார் தனியாக இருந்தபோது மெல்லக் கேட்டான். தோலில் பூசினால் உள்ளே போகுமா? சார், பாவம், நல்ல மனுஷர், தெரியாததைத் தெரியும் என்று சொல்லத் தெரியாதவர். "கொஞ்சம் போகலாம். போகாமலும் இருக்கலாம். வேரை முக்கிறது வேற, தோல்ல பூசுறது வேற. எனக்குத் தெரியல மலைச்சாமி" என்றார். அவன் கேட்க விரும்பியது 'இல்லை' என்ற ஒரு சொல். ஆமாம் என்றிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பான். தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்?

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஓர் ஓலை வீடு. இரண்டும் ஊரில் தவறியதால் இடத்தை மாற்றிப் பார் என்று குறி பார்க்கும் கோடாங்கி சொல்லியிருந்தான். அதனால் இந்தப் பேறுகாலத்துக்குத் தங்கப்பொண்ணை இங்கேயே வைத்துக்கொண்டு, ஒச்சாயியையும் வரவழைத்திருந்தார்கள். அடுப்பு மேட்டில் சாம்பல் சட்டிக்குள் கிழங்கின் மறு கிளை இருந்தது. ஒச்சாயி குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்துப் போய் ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தான். அதற்கு முன் அவன் தன் கையால் தோண்டிப் புதைத்தவை இரண்டு. குழியை மூடும்போது அது நினைவுக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

தங்கப்பொண்ணிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்க மாட்டாளா? அடுத்த பத்து நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏய்யா, புள்ளத்தாச்சி நானா நீயா?" என்று அவள் கேலி செய்தாள்.

பதினோராம் நாள் விடியும்போது வலி கண்டது. பொழுது உச்சிக்கு வந்தும் பிள்ளை இறங்கவில்லை. ஒச்சாயி வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெழங்க எடுத்து அரைடா" என்றாள்.

"அழுகிப் போச்சு அத்தை. தூக்கிப் போட்டுட்டேன்."

"அழுகிப் போச்சா? கல்லுக் கணக்கா இருந்துச்சேடா! எங்கிட்டச் சொல்ல உனக்கு வாயில்லையா?"

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணு கத்தினாள். "ஏய்யா, வேலியில போயித் தேடித் தோண்டியாய்யா! என்னால முடியலய்யா! நீ அரைச்சாத்தான எறங்கும்!"

அவன் வேலிப் பக்கம் அடியெடுத்து வைக்கவில்லை. ஒச்சாயி பிள்ளை பெற்றவள், பேர் பெற்றவள், ஆளை அளக்கத் தெரிந்தவள். அவன் சட்டையைப் பிடித்து வேம்படிக்கு இழுத்துப் போனாள். "என்னடா மறைக்கிற?"

"அதுல வெசம் இருக்கு அத்தை."

"அடப் போடா கூறுகெட்டவனே. அது பச்சப்புள்ளைக்கும் தெரியும். தின்னா வெசம், பூசுனா மருந்து. முன்னூறு புள்ள எறக்கியிருக்கேன் இந்தக் கையால. அம்புட்டும் அதுலதான் எறங்குச்சு. மாடு மேய்க்குதுக, கல்யாணம் முடிக்குதுக, என்னைய அப்பத்தான்னு கூப்பிடுதுக. அதுகளயெல்லாம் கெழங்கு என்ன பண்ணுச்சு?"

அவள் சொன்னது பொய்யில்லை. ஊரில் நடமாடுகிற பாதிப் பேர் அந்தக் கிழங்கைத் தாண்டி வந்தவர்கள்தான். அவனும் அப்படித்தான். இருந்தும் வாயில் வந்துவிட்டது.

"எறக்குனது முன்னூறு. செத்தது எத்தனை அத்தை? எண்ணுனியா?"

அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் உதடு மட்டும் அசைந்தது. அவள் நிஜமாகவே எண்ணிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. எண்ணி முடிக்கவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "போ. வண்டி கூட்டியா" என்றாள்.

தர்கா முக்கில் மஸ்தான் பாயின் ஜட்கா நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் குதிரையைத் திருப்பினார். "அல்லா இருக்கான் தம்பி, ஏறு" என்றது மட்டும்தான். வண்டிக்குள் வைக்கோல் பரப்பித் தங்கப்பொண்ணைப் படுக்க வைத்தார்கள். பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் புருஷனைத் திட்டினாள். கிழங்கைக் காக்கத் துப்பில்லாதவன் என்றாள், பாட்டில் கழுவி என்றாள், உன் கையால் அரைக்கச் சோம்பலா என்றாள். அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

நகரத்துக்குள் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. தங்கப்பொண்ணை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். ஒச்சாயியைக் கூட விடவில்லை. முன்னூறு பிள்ளை இறக்கியவள் தாழ்வாரத்தில் மருமகனோடு தரையில் உட்கார்ந்தாள். மகள் போட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் விரல்கள் தாமாக அசைந்தன. "தலை திரும்பியிருக்காது. திரும்பியிருந்தா இம்புட்டுக் கத்த மாட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் மலைச்சாமிக்கு அந்த நினைப்பு வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை, அவனும் பிற்காலத்தில் தன்னிடமே மறைக்கவில்லை. முதல் இரண்டும் கிழங்கு பூசிய டம்ளர். இது வெறுந்தண்ணீர் டம்ளர். இதுவும் பிழைக்காமல் போனால் கிழங்கின் மேல் பழி இல்லை, அவன் கையின் மேலும் பழி இல்லை. விதி என்று போய்விடலாம். பிழைத்துவிட்டால்?

ஒரு கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்கு அவன் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அவன் பார்த்துவிட்டான். எழுந்து போய்த் தூணில் நெற்றியை முட்டினான். ஒச்சாயி ஓடி வந்து இழுத்தாள். அவள் வேறு நினைத்துக்கொண்டு, "அழாதடா, அழாதடா" என்றாள். சாமி, இது பொழைக்கட்டும், நான் என்ன ஆனாலும் ஆகிறேன் என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். முழு மனசோடுதான் சொன்னான். ஆனால் முதலில் வந்த நினைப்பு முதலில் வந்ததுதான்.

நாலு மணிக்கு உள்ளே பிள்ளை அழுதது. நல்ல கனத்த அழுகை. ஒச்சாயி மடேரென்று தரையில் விழுந்து கும்பிட்டாள். மலைச்சாமிக்கு மட்டும் சந்தோஷமும் அடியும் ஒரே நேரத்தில் விழுந்தன. 

பெண் குழந்தை. ஆயுதம் போட்டு எடுத்ததில் நெற்றியோரம் லேசாகச் சிவந்திருந்தது, வேறு ஒரு குறையும் இல்லை. பொழுது இறங்குகிற நேரத்தில் அவர்களை உள்ளே விட்டார்கள். தங்கப்பொண்ணு வெளுத்துப் போய்க் கிடந்தாள், ஆனால் முகம் கொள்ளாத சிரிப்பு. குழந்தை பக்கத்தில் ஒரு துணி விரிப்பில் கிடந்தது.

"ஏய்யா, ஒன்னய அம்புட்டுத் திட்டிப்புட்டேன். மனசுல வச்சுக்காத. அந்தக் கெழங்கு அழுகுனதுதான் நல்லதாப் போச்சு. இல்லாட்டி இங்க வந்திருப்பமா?" குழந்தையின் தலையை மோந்து பார்த்தாள். "மொத ரெண்டுக்கும் அழுகியிருக்கக் கூடாதா?"

மழை போன வாரமே பெய்திருக்கக் கூடாதா என்று சொல்வார்களே, அப்படித்தான் சொன்னாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலைச்சாமி பேசாமல் இருந்திருக்கலாம். சாக்குக்கா பஞ்சம்? இடம் மாறியது. மருத்துவச்சி மாறினாள். டாக்டரம்மா வந்தாள். மற்றது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சார் சொன்னதில் இங்கே ஒன்றுகூட ஒன்றாக இல்லை. இதை வைத்துக் கிழங்கின் மேல் பழி போட எந்தப் படித்தவனும் ஒப்ப மாட்டான். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் பத்து நாளாக நெஞ்சில் கிடந்தது இனியும் கிடக்க மாட்டேன் என்றது.

"அழுகல தங்கம். நான்தான் எடுத்துப் பொதைச்சேன்."

"எதுக்கு?"

சொன்னான். வெங்காய வேரைச் சொன்னான், இழையைச் சொன்னான், பிடி விழாமல் காத்துக் கிடந்ததைச் சொன்னான். அவன் முடித்ததும் தங்கப்பொண்ணு கேட்டாள்.

"அதுதான்னு ஒங்க சாரு நிச்சயமாச் சொன்னாரா?"

"தெரியலன்னாரு."

"ஒனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டுக்கும் நான்தான அரைச்சேன்" என்றான்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். முகத்தில் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அப்படி ஏதாவது நடந்தால் தேவலாம் என்றுகூட இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"நீ அரைச்ச" என்றாள் கடைசியில். "பத்தல, இன்னும் கொண்டா, இன்னும் பூசுன்னு பொழுதுக்கும் கத்துனது ஆரு? நான்தான."

அவன் பதறிப் போனான். இல்லை, இல்லை என்று என்னென்னவோ சொன்னான். உனக்கு என்ன தெரியும், வலியில் கத்தினாய் என்றான். அவள் காதில் அது ஏறவே இல்லை. தன் பாரத்தை இறக்கப் போய் அவள் தலையில் ஏற்றிவிட்டோம் என்பதும், தன் தலையில் இருந்தது இம்மியும் குறையவில்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

குழந்தை பசித்து அழத் தொடங்கியது. பக்கத்தில் மூன்று பேர் இருந்தும், முதலில் தொட்டுத் தூக்க ஒருவருக்கும் கை வரவில்லை.